அடுப்பில்லாதார் உணவு

உணவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனைச் சமையற்கட்டிலிருந்தே தொடங்குவர். எந்த அரசன் எந்தப் பண்டத்தை விரும்பினான், எந்தச் சமையற்காரன் அதற்காகப் பரிசு பெற்றான் என்பன போன்ற கதைகள் நம்மிடையே மலிந்து கிடக்கின்றன. அடுப்பே இல்லாதவன் எதைத் தின்றான் என்று கேட்பார் அரியர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழருள் பெரும்பாலோர் தம் வாழ்நாளிற் சில ஆண்டுகளேனும் அடுப்பில்லாதவராகவே இருந்தனர். கப்பலில் தனக்கென்று ஓர் அடுப்பில்லை; பால்மரக் காட்டில் அடுப்பில்லை; பட்டணத்தில் பத்துப்பேர் முடங்கும் அறையில் அடுப்பு இருந்தாலும் அது தன் முறை வரும்போதுதான் தனக்கு. இவ்விடங்களிலெல்லாம் அவர்கள் மடியில் முடிந்துவைத்திருந்த பொருள் ஒன்று உண்டு. அது கடலை. நாம் சொல்ல வந்தது வேர்க்கடலையை அன்று. கொண்டைக்கடலை என்றும் மூக்குக்கடலை என்றும் வழங்கும் பழைய கடலையையே.

சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸைக் கண்ட பின்னரே இவ்வெண்ணம் நமக்கு வலுப்பட்டது. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து இரண்டாம் பாலத்தின் வழியாகச் செல்வோர் சிங்கப்பூரில் முதலில் மிதிக்கும் மண் அதுவே. அப்பாலம் 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மலாய் மீனவர் மரக்கிளைகளைக் கடலில் இட்டு, அந்நிழலில் வந்தொதுங்கும் மீன்களை வலையோடு தூக்கிய முறையினால் அவ்வூர்க்கு இப்பெயர் வந்ததென்பர். இன்று அங்கே மீனவர் குடிசைகள் இல்லை. கடலைத் தூர்த்த நிலத்தில் தொழிற்சாலைகளும், கப்பற் பட்டறைகளும், 2022-இல் முறையாகத் திறக்கப்பெற்ற பெருந்துறைமுகமும் நிற்கின்றன. அவற்றிற் பாடுபடும் அயல்நாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளும் நிற்கின்றன. அத்தொழிலாளருள் தமிழகத்தார் பலர். விடுதியை ஒட்டிய கடைகளில், அரிசி மூட்டைக்கும் சவர்க்காரக் கட்டிக்கும் நடுவே உப்புக்கடலைப் பொட்டலங்கள் தொங்குகின்றன. கடலைத் தூர்த்த இடத்தில் கடலை விற்கிறதென்று சிலேடை பேசிச் சிரிக்கலாம். ஆயினும் அப்பொட்டலம் அங்கு வந்து சேர்ந்த வழி நெடியது. அவ்வழியைச் சிறிது திரும்பிப் பார்ப்போம்.

கடலை நம் நாட்டில் தோன்றிய பயிரன்று. அதன் காட்டு மூதாதை இன்றும் தென்கிழக்குத் துருக்கியின் மலைச்சரிவுகளில் தானே முளைத்துக் கிடக்கிறது. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் கோதுமையோடும் வாற்கோதுமையோடும் சேர்த்து மனிதன் அதனைப் பயிரிடத் தொடங்கினான். பின்னர் அது கிழக்கே நகர்ந்து சிந்துவெளியை அடைந்தது. அங்குள்ள பழைய ஊர்களை அகழ்ந்தோர் கரிந்த கடலை மணிகளைக் கண்டெடுத்துள்ளனர். சிறுத்துக் கறுத்துத் தோல் முரடானது ஒரு வகை. பருத்து வெளுத்துத் தோல் மெல்லியது மற்றொன்று. முன்னது நாட்டுக்கடலை, பின்னது காபூலிக்கடலை. இன்று உலகத்து விளைச்சலில் மூன்றில் இருபங்குக்கு மேல் இந்தியாவினுடையது. தமிழகத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்தில், மழை ஓய்ந்தபின், மண்ணிலுள்ள ஈரத்தையும் பனியையும் நம்பியே இச்செடி வளர்கிறது. அதன் இலையிற் புளிப்பான நீர் சுரக்கும். இரவில் மெல்லிய துணியைச் செடிகளின்மேல் விரித்துவைத்து, விடியலில் அதைப் பிழிந்தெடுப்பர். அதற்குக் கடலைப்புளிப்பு என்று பெயர். நாட்டு வைத்தியர் அதனைச் செரியாமைக்கு மருந்தாகக் கொடுத்தனர்.

கடலை என்றால் முற்காலத்தில் இதனையே குறித்தது. 15-ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் விநாயகர்க்குரிய பண்டங்களை அடுக்குமிடத்துக் கடலையையும் சேர்த்திருக்கிறார். அமெரிக்கக் கண்டத்து நிலக்கடலை அதற்குப் பின்னரே நம் கரையில் வந்திறங்கிற்று. வந்தது, தனக்கென்று பெயரில்லாமையால் நம் கடலையின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு வேர்க்கடலை என்றும், நிலக்கடலை என்றும், மணிலாக்கொட்டை என்றும் பலபடப் பெயர் பூண்டது. 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு வயல்களை நிரப்பிப் புதுச்சேரித் துறையின் வழியாகப் பிரெஞ்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்கும் போயிற்று. இப்படியாக இரவல் வாங்கியவன் வீட்டுக்காரனானான். பழைய உரிமையாளனுக்கோ ‘கொண்டை’ என்ற அடைமொழி வேண்டியதாயிற்று.

ஆங்கிலத்தில் நேர்ந்த குழப்பம் இதனினும் பெரிது. தானியமணியைக் குறிக்கும் போர்த்துக்கேசியச் சொல் ஒன்று ஆங்கிலேயர் வாயிற் புகுந்து ‘கிராம்’ ஆயிற்று. வட இந்தியாவில் குதிரைக்கு வைத்த கடலையும் கிராம். சென்னையிற் குதிரைக்கு வைத்த கொள்ளும் கிராம். உளுந்து கறுப்புக் கிராம். பாசிப்பயறு பச்சைக் கிராம். துவரை சிவப்புக் கிராம். கிராணித் தொழிலினராகிய நாம், தோட்டத்துச் சாமான் பட்டியலில் ‘கிராம், 5 கிலோகிராம்’ என்றெழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்ததுண்டு. மலாய் மொழியோ ஒளிவுமறைவின்றிக் கொண்டைக்கடலையைக் ‘கச்சாங் கூடா’, அதாவது குதிரைக்கடலை என்றே அழைக்கிறது. வெள்ளைக்காரர் 1843 முதல் 1933 வரை பந்தயக் குதிரை ஓட்டிய திடல் சிராங்கூன் சாலைக்கு அணித்தேதான் இருந்தது. திடல் போய்விட்டது, ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் நிற்கிறது. குதிரைத் தீனி என்று பெயரெடுத்த பொருளைத் தின்ற மனிதனை மேலோர் எவ்வாறு மதித்திருப்பர் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க. இத்தீவிற்குக் கடலை முதன்முதல் எப்பொழுது வந்தது? 1819-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ராபிள்ஸ் துரை இங்கு இறங்கியபோது அவருடன் வங்காளப் படையைச் சேர்ந்த சிப்பாய்களும் இறங்கினர். அவுட்ரம் பகுதியில் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்று வழங்கும் இடப்பெயர், அக்காலத்துச் சிப்பாய்களின் நினைவாக நிற்கிறது. வங்காளப் படையில் அந்நாளில் அயோத்தி, பீகார்ப் பக்கத்து உயர்சாதியினர் மிகுதி. இவர்கள் கடற்பயணத்தில் கப்பலின் பொது அடுப்பில் சமைத்துண்ண மறுப்பர். வறுத்த கடலையையும் அவலையும் போன்றவற்றையே தின்று நாட்களைக் கழிப்பர். ஆதலின் சிங்கப்பூர்க் கரையேறிய முதற் கடலை இச்சிப்பாய்களின் மூட்டையில் வந்ததென்று கருத இடமுண்டு. ஈண்டு ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். நீரில் வெந்த சோற்றை இன்னார் கையில் வாங்கலாம், இன்னார் கையில் வாங்கலாகாது என்று சாதி வரையறுத்தது. மணலில் வறுத்த தானியத்திற்கோ அந்த வரையறை தளர்ந்தது. வட இந்தியாவில் பட்பூஞ்சா என்னும் வகுப்பார் தானியம் வறுப்பதையே குலத்தொழிலாகக் கொண்டவர். அவர் வறுத்த கடலையை மேற்சாதியாரும் கூசாது வாங்கித் தின்றனர். சட்டியைக் கண்டு அஞ்சிய ஆசாரம் மணலைக் கண்டு அஞ்சவில்லை! கடலையின் தோலில் ஈரமில்லாமையால் தீட்டு ஒட்டவில்லை போலும்.

அதே கடலை நீரில் வெந்து சுண்டலானவுடன் கதை மாறிவிடும். நவராத்திரி ஒன்பது இரவும் நம் கோயில்களிலும் வீடுகளிலும் சுண்டல் வழங்குகிறோம். தமிழகத்தில் அச்சுண்டலைக் கோபுர வாயிலுக்கு உள்ளே நின்று வாங்கியவர் யார், வெளியே தெருவில் நின்றவர் யார் என்பது சரித்திரத்திற் பதிந்திருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் வைத்தியநாத ஐயருடன் நுழைந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள். சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். அதாவது, பட்டாளத்துச் சிப்பாய் யார் வறுத்த கடலையையும் தின்றுகொண்டு கடல் தாண்டிய பின்னும், ஒரு பிடி அவித்த கடலை கோயிற்படி தாண்ட நூறாண்டுக்கு மேலாயிற்று. தைப்பூசத்திற்குச் சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயிலில் வரிசையில் நின்று அன்னதானம் பெறும் இளைஞர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது அதற்குப் பின்னும் நடந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுவரும் கூலிப் பயணத்தைத் தடுத்தது. இக்காலமெல்லாம் வந்தவருள் தனியாட்கள் மிகுதி. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரத்தைச் சீவி, வெயில் ஏறுமுன் பாலெடுத்து முடிக்கவேண்டிய வேலை. பசியாறுவதற்கு லயத்துக்குத் திரும்பிவர நேரமிராது. மடியில் முடிந்த வறுகடலையும் ஒரு குடுவை வரக்காப்பியும் அந்த இடைவேளைக்குப் போதும். சம்பள நாளன்று தோட்டத்துச் சந்தையில் கடலைக்காரர் கடைபோடுவார். கள்ளுக்கடை வாயிலிலும் அவரே நின்றார் என்று சீர்திருத்தக்காரர் குறை சொல்லலாம். சொல்லட்டும். கள்ளுக்குத் துணைபோன குற்றம் கடலையுடையதன்று; கூலியைக் கையில் கொடுத்த கணமே கள்ளுக்கடையைக் கண்முன் வைத்த நிர்வாகத்தினுடையது.

பட்டணத்திலே இக்கடலைக்காரருக்குக் ‘கச்சாங் பூத்தே’ என்று பெயர். ‘வெள்ளைக் கடலை’ என்பது இம்மலாய்ச் சொற்களின் பொருள். பண்டத்திற்கு இட்ட பெயர் ஆளுக்கும் ஆயிற்று. இத்தொழில் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் கையில் இருந்தது. முதல்நாள் மாலையே கடலையை ஊறவைத்து, பின்னிரவில் எழுந்து அவித்து, ஒரு பங்கை வறுத்து, ஒரு பங்கிற்குச் சர்க்கரைப்பாகு ஏற்றி, பட்டாணியும் முறுக்கும் முந்திரியும் சேர்த்து, ஆறேழு வகையை ஒரே தட்டில் தனித்தனிச் சிறு மூட்டையாக நிறுத்தி, அத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார். பள்ளிக்கூட வாயில், கேப்பிட்டல், கேத்தே, ரெக்ஸ் முதலிய படக்கொட்டகைகளின் வாயில் எல்லாம் அவருக்கு அங்காடி. ஒரு சுருள் ஐந்து காசு, பத்துக் காசு. சுருள் செய்வது பழைய செய்தித்தாளிலும், பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தக ஏட்டிலும். படம் தொடங்குமுன் கடலையைத் தின்றுவிட்டுச் சுருளைப் பிரித்து அதிலுள்ள செய்தியைப் படித்தவர் எத்தனை பேர்! சந்தா செலுத்தாத வாசகர் நம் பத்திரிகைகளுக்கு எப்பொழுதும் உண்டு. அவருள் இவர்கள் மேலானவர், ஐந்து காசாவது ஒருவருக்குக் கொடுத்தார்கள். இக்கட்டுரையும் அவ்வாறு ஒருநாள் சுருட்டப்படுமாயின் நமக்கு வருத்தமில்லை.

மலாயாவில் இத்தொழிலுக்கு ஒரு கிராமமே உண்டு. ஈப்போ நகரில் புந்தோங் என்னுமிடத்தில், எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தோர் 1940-களில் குடியேறிக் கடலை வறுக்கவும் முறுக்குப் பிழியவும் தொடங்கினர். அவ்விடம் ‘கம்போங் கச்சாங் பூத்தே’ என்றே இன்றும் வழங்கப்படுகிறது. தலைத்தட்டுடன் தொடங்கியவரின் பேரப்பிள்ளைகள் இன்று இயந்திரத்தில் அடைத்த பொட்டலங்களை நாடெங்கும் அனுப்புகின்றனர்.

ஆனால் அப்பெயர் ஏளனமாகவும் வழங்கிற்று. நாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாளில், தமிழ்ப் பையன் ஒருவன் விடை தவறினால் பின்வரிசையிலிருந்து ‘கச்சாங் பூத்தே’ என்று ஒரு குரல் எழும், வகுப்பு சிரிக்கும், ஆசிரியரும் அதைக் கேளாதவர்போற் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். தகப்பன் கிராணியாயினும், வைத்தியராயினும், அப்பெயர் எல்லோருக்கும் பொது. அதே பள்ளியில், அதே ஆசிரியர், ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோவின் பெருமையை மணிக்கணக்காகச் சொல்லக் கேட்டோம். ‘சிசரோ’ என்ற பெயரே கடலையின் இலத்தீன் பெயரிலிருந்து வந்ததென்பதை அவர் சொல்லவில்லை. நாமே பிற்காலத்திற் படித்துத் தெரிந்துகொண்டோம். மூதாதை ஒருவரின் மூக்கு நுனியிற் கடலையின் பிளவு போன்ற பள்ளம் இருந்தமையால் அக்குடிக்கு அப்பெயர் வந்ததென்று புளூட்டார்க் எழுதுகிறார். கடலையை நன்கு பயிரிட்டதனால் வந்ததென்று பிளினி சொல்கிறார். உழவுத்தொழிலை மதித்த பிளினியின் பக்கமே நம் மனம் சாய்கிறது. அரசியலில் நுழையும்போது அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளும்படி நண்பர் வற்புறுத்தினர். அவர் மறுத்து, பெருங்குடிப் பெயர்களினும் அதனை மேலோங்கச் செய்வதாகக் கூறினார். கி.மு. 75-இல் சிசிலித் தீவில் அதிகாரியாக இருந்தபோது, தெய்வத்துக்கு அளித்த வெள்ளிப் பாத்திரத்தில் தம் முதலிரு பெயர்களை எழுத்திற் பொறிக்கச் செய்து, மூன்றாவது பெயருக்குப் பதிலாக ஒரு கடலையின் உருவத்தையே செதுக்கச் சொன்னாராம். இக்கதையைப் பள்ளிப் பருவத்தில் அறிந்திருந்தால் பின்வரிசைக்கு ஏற்ற மறுமொழி கொடுத்திருப்போம்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் இந்தியாவோடு கப்பல் வாணிகம் அறுந்தது. அரிசிக்கே பஞ்சம், மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. தோட்டத்து ஆண்கள் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். கடலைத் தட்டைச் சுமக்க ஆளும் இல்லை, தட்டில் வைக்கக் கடலையும் இல்லை. போர் முடிந்து 1950, 1960-களில் தொழில் மீண்டும் தழைத்தது. பிறகு சிங்கப்பூர் அரசாங்கம் 1968-69-இல் தெரு வியாபாரிகளைப் பதிவுசெய்து, 1986-க்குள் அவர்களை உணவங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றி முடித்தது. தெருக்கள் தூய்மையாயின, அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆயினும் ஓரிடத்தில் நின்று விற்கும் பண்டமன்று கடலை; கூட்டம் எங்கே போகிறதோ அங்கே போவது. நிலையங்களுக்குள் அது தழைக்கவில்லை. 2020-இல் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றியபோது, கடலைச் சுருள் விற்பார் கைவிரல் விட்டு எண்ணும் அளவினராயிருந்தனர்.

வரலாறு இவ்வளவில் இருக்க, தின்னும் முறையைச் சொல்லாமல் கடலையைப் பற்றி எழுதுவது பசித்தவனுக்குப் பஞ்சாங்கம் படிப்பதை ஒக்கும். நம் மனத்திற்கு இசைந்த முறைகளுள் முதலிடம் சுண்டலுக்கே. நாட்டுக்கடலையைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் அது எடையில் ஏறக்குறைய இரட்டிக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிடவேண்டும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளிற் சில அந்நீரோடு போய்விடும். விரைவில் வேகட்டும் என்று சோடா உப்பைப் போடுவோர் உளர். கடலை குழைந்து தோல் கழன்று உருவழிவதோடு, பி-1 என்னும் உயிர்ச்சத்தும் அதனால் அழிகிறது, அடியோடு விலக்குக. ஊறும்போதே சிறிது உப்பிட்டால் தோல் மெதுவாகும். மாங்காய், எலுமிச்சை, புளி எதுவாயினும் கடலை வெந்து இறக்கிய பின்னரே சேர்க்கவேண்டும். புளிப்பு முந்திப் புகுந்தால் தோலும் பருப்பும் இறுகி, எவ்வளவு விறகு எரித்தாலும் மசியாது. சென்னைக் கடற்கரைச் சுண்டற் பையன்கள் மாங்காயைக் கடைசியில் கீறிப் போடுவது அழகுக்கு மட்டுமன்று. கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, துருவிய தேங்காயைத் தூவிவிட்டால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

அடுத்தது குழம்பு. சோம்பும் தேங்காயும் வறுத்தரைத்து, கத்தரிக்காயோடு கூட்டிக் காய்ச்சிய கடலைக்குழம்பு மறுநாட் காலையில் இன்னும் ருசிக்கும். மலையாளத்தார் இதனைப் புட்டோடு உண்பர். பஞ்சாபியர் உப்பிய பட்டூராவோடு உண்பர். கொழும்பு காலிமுகத்திடலில் மாலைக் காற்று வாங்குவோர் வெங்காயமும் தேங்காய்ச் சொட்டும் கலந்து வண்டிக்காரர் தரும் கடலையை உண்பர். தமிழ் முஸ்லிம்கள் நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் வடையோடு சுண்டலும் வைப்பதுண்டு. நம் தோட்டத்து லயங்களில் நெத்திலிக் கருவாட்டையும் அவித்த கடலையையும் மிளகாய் விழுதில் வதக்குவர். இதனை எந்தச் சமையற் புத்தகத்திலும் நாம் காணவில்லை. ஆனால் மழைநாளில் இதற்கு நிகர் வேறில்லை. கடலைப்பருப்பு வடையாகவும் போளியாகவும், கடலைமாவு பஜ்ஜியாகவும் பூந்தியாகவும் காராசேவாகவும் ஆவதை எல்லோரும் அறிவர். எண்ணெய் குடித்த இவ்வுருவங்களில் கடலையின் ருசி பாதி போய்விடுகிறதென்பது நம் கருத்து. தீபாவளிப் பலகாரம் செய்யும் தாய்மார் நம்மைப் பொறுப்பாராக.

மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். கடலைமாவில் கேசரிப்பருப்பு மாவைக் கலந்து விற்ற வணிகர் இந்தியாவில் இருந்தனர். கேசரிப்பருப்பை நெடுநாள் உண்டவருக்குக் கால்கள் முடங்கிப்போகும். வறட்சியிலும் விளையும் மலிவுப் பண்டமாதலால் ஏழைகளே முடங்கினர். 1961-இல் அங்கு அதன் விற்பனையைத் தடுத்தனர். மாவாக வாங்குவதைவிட முழுக்கடலையாக வாங்குவது மேல். கடலையைக் கடலையென்று கண்ணே சொல்லிவிடும்.

உடலுக்கு என்ன பயன் என்று கேட்பாருக்கு: 100 கிராம் உலர்ந்த கடலையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. அரிசியிற் குறைவாயுள்ள லைசின் என்னும் கூறு கடலையில் மிகுதி; கடலையிற் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. சோறும் கடலையும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்பிக்கொள்கின்றன. மீனோ இறைச்சியோ நாள்தோறும் வாங்க இயலாத கூலித் தமிழன், இரசாயனம் எதுவும் படியாமலே இக்கூட்டைக் கண்டுபிடித்திருந்தான்.

மீண்டும் துவாஸுக்கு வருவோம். விடுதித் தொழிலாளர் பலருக்குக் காலை உணவும் பகலுணவும் ஒருசேரப் பொட்டலமாக விடியுமுன்னரே வந்துவிடுகின்றன. நள்ளிரவிற் சமைத்த சோறு வேலையிடத்து வெப்பத்திற் கிடந்து, நண்பகலில் திறக்கும்போது நாறுகிறதென்பது நெடுநாளைய முறையீடு. 2020 ஏப்ரலில் கொள்ளைநோய் பரவியபோது தொழிலாளர் விடுதிக்குள்ளேயே அடைக்கப்பட்டனர். பொதுச் சமையற்கட்டுகள் மூடப்பட்டன. மூன்று வேளையும் பொட்டலமே வந்தது. இருந்த அடுப்பும் அன்று இல்லாமற் போயிற்று. லாரியின் பின்தட்டில் அமர்ந்து வேலைக்குப் போகும் ஆளின் சட்டைப்பையில் உப்புக்கடலை ஏன் இருக்கிறதென்று இப்பொழுது விளங்கும். அது ஊசிப்போவதில்லை. சிப்பாய் கப்பலிற் கொண்டுவந்ததும் அதற்காகத்தான், பால்மரக் காட்டுக்குப் பாட்டனார் முடிந்துபோனதும் அதற்காகத்தான்.

அதைத் தின்று பகலைக் கடத்துபவரின் பொறுமையைப் புகழ்ந்து கட்டுரை எழுதுவது எளிது. நமக்கு அதில் விருப்பமில்லை. கடலையைக் கொறிக்க வேண்டியவன் ஆசையினாற் கொறிக்கட்டும். சோறு ஊசிப்போனமையாற் கொறிக்கவேண்டா. ஆட்களின் தொகைக்கேற்ற அடுப்புகள், இரவுப்பணியாளுக்கும் திறந்திருக்கும் சமையற்கட்டு, வேலையிடத்துக்கு நண்பகலில் வந்து சேரும் சூடான சோறு, இவை பெரும்பொருள் கேட்பவை அல்ல. சில விடுதிகளில் பொதுச் சமையற்கட்டுகள் நன்றாகவே நடக்கின்றன. இரவுப்பணிக்குப் புறப்படுமுன் நாளியில் அளந்து ஊறவைத்த கடலை, காலையில் ஆள் திரும்பும்போது பருத்து, மூக்கில் முளை தெரிய நிற்கும். அதற்கு உப்பும் நீரும் வார்த்து எடுத்துக்கொண்டு, முன்னால் நால்வர் நிற்கும் அடுப்பின் அருகே அவரும் போய் நிற்கிறார்.